தூங்குமூஞ்சி மரத்து ஆந்தை

இரவு நிகழ்ச்சியை முடித்துவிட்டு நான் வீடு வந்து சேர ஒரு மணி ஆகிவிடும். அந்த நேரத்து ஜார்ஜ்டவுன் வேறு ஓர் ஊர். பகலில் நகரவே விடாத சாலைகள் காலியாகக் கிடக்கும். கோப்பிக்கடை நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருக்கும். எங்கள் வரிசை வீடுகளுக்கு எதிரே நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரம், பெயருக்கு ஏற்றபடி, இலைகளை மூடிக்கொண்டு உறங்கும்.

சென்ற ஆண்டு ஓரிரவு காரை நிறுத்தி எஞ்சினை அணைத்ததும் அந்தக் குரல் கேட்டது. ‘ஹுஹுஹுஹு’ என்று உருண்டு வந்தது. ஒரு நொடி நின்றது. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒற்றையாய், நீளமாய், ‘ஹூஊஊ’ என்று முடிந்தது. ஒலிவாங்கி முன் உட்கார்ந்து பிழைப்பவள் நான். அத்தனை ஆழமான குரலை எங்கள் நிலையத்தில்கூட கேட்டதில்லை.

வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா வாசல் கிரில் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“கேட்டியா பாப்பா? மறுபடியும் வந்திருச்சு.”

‘மறுபடியும்’ என்பதன் பொருள் எனக்குத் தெரியும். அப்பா இறந்த வாரத்திலும் இதே மரத்தில் இதே குரலைக் கேட்டதாக அம்மா சொல்வார். இப்போது உள்ளே படுத்திருப்பது என் அப்பாயி. வயது 86. அம்மாவின் பயம் அவருக்காகத்தான்.

மறுநாள் அம்மா ஒரு காரியம் செய்தார். எதிர்வீட்டுக்காரர்கள் அந்த மரத்தை வெட்டச் சொல்லி ஒரு மனு தயாரித்து வீடு வீடாகக் கொண்டு வந்தார்கள். முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்த மனு என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

முகம் தெரியாத குரல்

வானொலியில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒரு குரலைக் கேட்டால் அதைப் பதிவு செய்யாமல் விடமாட்டோம். அடுத்த இரவு கைத்தொலைபேசியைச் சன்னலோரம் வைத்துப் பதிவு செய்தேன். பறவை பார்ப்பதையே ஞாயிற்றுக்கிழமை வேலையாக வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: “ஸ்பாட்டட் வுட் அவுல். உங்க வீட்டு எதிரேயா? கொடுத்து வச்சவங்க!”

புள்ளிக் காட்டு ஆந்தை என்று தமிழில் சொல்லலாம். அறிவியல் பெயர் ‘ஸ்டிரிக்ஸ் செலோபுட்டோ’. 1821இல் தாமஸ் ஹோர்ஸ்ஃபீல்ட் என்ற இயற்கை ஆய்வாளர் ஜாவாத் தீவில் கிடைத்த பறவையை வைத்து இதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ‘செலோபுட்டோ’ என்பது ஜாவா மக்கள் அதை அழைத்த பெயர். அடர்ந்த காட்டுக்குள் மட்டும் வாழும் பறவை அல்ல இது. காட்டோரம், பழத்தோட்டம், ரப்பர் தோட்டம், பூங்கா, பெரிய மரங்கள் நிற்கும் பழைய குடியிருப்பு என்று மனிதர் பக்கத்திலேயே குடியிருக்கும். அழிவு அபாயம் இல்லாத பறவை என்றுதான் உலகப் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் நம்மில் எத்தனை பேர் அதன் முகத்தைப் பார்த்திருக்கிறோம்? குரலைக் கேட்டதும் சன்னலைச் சாத்திவிடுகிறோமே!

பக்கத்து வீட்டு பாக்சிக்கிடம் பதிவைப் போட்டுக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “புருங் ஹந்து,” என்றார். மலாய்மொழியில் எல்லா ஆந்தைகளுக்கும் இதுதான் பொதுப்பெயர். நேர்ப்பொருள், பேய்ப் பறவை. இந்த ஆந்தைக்கு என்று தனியாகவும் ஒரு பெயர் இருக்கிறது என்றார்: ‘சாரிக் கஃபான்’. சாரிக் என்றால் கிழிப்பது. கஃபான் என்றால் இறந்தவரைப் போர்த்தும் வெள்ளைத்துணி.

கோடித்துணி கிழிக்கும் பறவை! அம்மா பயந்ததில் என்ன தவறு?

எல்லா ஊரிலும் இதே கதை

அன்று முதல் இந்தப் பயத்தின் வரலாற்றைத் துருவ ஆரம்பித்தேன். ‘ஸ்டிரிக்ஸ்’ என்ற குடும்பப் பெயர் பழைய லத்தீன் சொல். ரோமானியக் கதைகளில் இரவில் பறந்து வந்து குழந்தைகளின் ரத்தத்தைக் குடிக்கும் பறவைக்கு அந்தப் பெயர். இங்கிலாந்துத் தோப்புகளில் வாழும் டானி ஆந்தை நம் புள்ளி ஆந்தைக்கு ஒன்றுவிட்ட சகோதரன். அதன் கூவலையும் சாவுக்குறி என்று அந்நாட்டுக் கிராமத்தார் நம்பினார்கள். சீனர்களும் ஆந்தையை வீட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கினார்கள்.

தமிழ்நாட்டிலும் ஒரு சகோதரன் உண்டு. மாந்தோப்பிலும் புளியந்தோப்பிலும் வாழும் பொரிப்புள்ளி ஆந்தை. பொழுது சாய்ந்ததும் நடுங்கும் குரலில் அது அலறுவதைக் கேட்டால் தைரியசாலிக்கும் உடம்பு சிலிர்க்கும். கப்பலேறி வந்த நம் முன்னோர் அந்தப் பயத்தையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இங்கே வந்து பார்த்தால், அதே குடும்பத்துப் பறவை வேறு ராகத்தில் கூவிக்கொண்டிருந்தது!

கடல் கடந்த இத்தனை சமூகங்களும் பேசி வைத்துக்கொண்டு பயப்படவில்லை. அப்படியானால் காரணம் என்ன?

என் நண்பர் சொன்ன விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் பட்டது. ஆந்தை சோடி தன் எல்லையை விட்டு எளிதில் போகாது. அந்த எல்லை தனக்கு உரியது என்று மற்ற ஆந்தைகளுக்குச் சொல்லவும், துணையை அழைக்கவும் ஆண்டு முழுவதும் கூவும். நாம்தான் அந்த நேரத்தில் தூங்கிவிடுகிறோம். வீட்டில் ஒருவர் நோயில் கிடக்கும்போது மட்டும் விளக்கை ஏற்றிவைத்து விடிய விடிய விழித்திருக்கிறோம். வீடே அமைதியாக இருக்கும். சின்னச் சத்தமும் காதில் விழும். அன்றுதான் ஆந்தை கூவியது என்று நினைக்கிறோம். உண்மையில் அன்றுதான் நாம் கேட்டோம்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் பதில் பேசாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு முதுகைத் திருப்பியபடியே சொன்னார்: “அது நாலு நாளா சொல்லிக்கிட்டே இருந்துச்சு பாப்பா. நான்தான் சளிக் காய்ச்சல்னு அப்பாவை வீட்டுலயே வச்சிருந்தேன்.”

அதுவரை நான் ஆந்தையைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா இரண்டு வருடமாக வேறொன்றைச் சுமந்துகொண்டிருந்தார்.

காகங்கள் காட்டிக்கொடுத்தன

ஒரு சனிக்கிழமை காலை மரத்தில் ஒரே காகக் கூச்சல். பத்துப் பதினைந்து காகங்கள் ஒரு கிளையைச் சுற்றி வட்டமிட்டுக் கொத்த வந்தன. பகலில் கூகையைக் காக்கை வென்றுவிடும் என்று வள்ளுவர் ‘காலம் அறிதல்’ அதிகாரத்தில் சொல்லியிருக்கிறாரே, அது எங்கள் வாசலிலேயே நடந்தது. இரவில் ஆந்தையிடம் குஞ்சையும் கூட்டாளியையும் பறிகொடுக்கும் பறவைகள், பகலில் கூட்டமாகச் சேர்ந்து அதை விரட்டப் பார்க்கும். ஆந்தையைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

பைனாக்குலரைத் திருப்பினேன். முதலில் மரப்பட்டைதான் தெரிந்தது. பிறகு மரப்பட்டை கண் திறந்தது.

ஒன்றரை அடி உயரம் இருக்கும். காப்பிக்கொட்டை நிற முதுகு முழுவதும் கறுப்பு விளிம்பிட்ட வெள்ளைப் புள்ளிகள். மார்பில் வரி வரியாகக் கறுப்புக் கோடுகள். முகம் செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு வட்டத் தட்டுகளை ஒட்டவைத்ததுபோல். சில ஆந்தைகளுக்கு இருப்பதுபோல் தலையில் கொம்புச் சிறகு கிடையாது. கண்களும் பேய்ப்படத்தில் வருகிற மஞ்சள் கண்கள் அல்ல. அடர்பழுப்பு நிறத்தில், மாட்டுக் கண்போல் சாந்தமாக இருந்தன.

“அம்மா, இங்க வாங்க,” என்றேன். வரமாட்டேன் என்றார். அப்பாயிதான் சக்கர நாற்காலியில் வாசலுக்கு வந்து, பைனாக்குலரை என்னிடமிருந்து வாங்கி, நெடுநேரம் பார்த்தார். “நம்ம பூனை மாதிரில்ல இருக்கு,” என்றார். ஆந்தைக்குச் சீன எழுத்தில் ‘பூனைத்தலைக் கழுகு’ என்றுதான் பெயர். அப்பாயிக்குச் சீனம் தெரியாது!

இரவு வேட்டைக்காரனின் கருவிகள்

ஆந்தையின் உடம்பே ஓர் ஒலிக்கூடம் என்று சொல்லலாம். அந்த வட்ட முகம் அழகுக்காக அமைந்ததல்ல. ஒலியைத் திரட்டிக் காதுக்கு அனுப்பும் தட்டு அது. சிறகுகளுக்கு அடியில் காதுத் துளைகள் இருக்கின்றன. பல ஆந்தை இனங்களில் வலக்காதும் இடக்காதும் சமமாக இருப்பதில்லை. அதனால் ஒரு சத்தம் ஒரு காதை மிகச் சிறிய இடைவெளியில் முந்தி எட்டும். அல்லது சற்று உரத்துக் கேட்கும். அந்த வித்தியாசத்தை வைத்தே எலி இடப்பக்கமா வலப்பக்கமா, மேலேயா கீழேயா என்று ஆந்தை கணக்கிட்டுவிடும். ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க விஞ்ஞானி வெண்முக ஆந்தைகளை முழு இருட்டறையில் வைத்துச் சோதித்தார். காதை மட்டுமே நம்பி அவை எலியைப் பிடித்தன. பின்னாளில் திமிங்கிலங்களின் பாட்டை உலகமே கேட்கச் செய்தவரும் இவர்தான்.

கண்கள் உருண்டையாக இல்லாமல் குழாய் வடிவில் இருப்பதால் ஆந்தையால் கண்ணை அசைக்க முடியாது. அதற்குப் பதிலாகக் கழுத்தைத் திருப்பும். நமக்குக் கழுத்தில் 7 எலும்புகள். ஆந்தைக்கு 14. ஏறக்குறைய 270 பாகை வரை தலையைத் திருப்ப முடியும்.

இன்னொன்று, சத்தமில்லாத பறத்தல். இறக்கையின் முன்விளிம்பில் சீப்புப் பற்கள்போன்ற அமைப்பு காற்றைச் சிறு சிறு இழைகளாகப் பிரித்துவிடும். பின்விளிம்பின் மென்மையான ஓரம் மிச்சச் சத்தத்தையும் அடக்கிவிடும். ஜப்பானின் அதிவேக ரயில் பொறியாளர் எய்ஜி நகாட்சு ஒரு பறவை ஆர்வலர். ரயிலின் மேலே மின்சாரம் எடுக்கும் கம்பியின் இரைச்சலைக் குறைக்க அவர் பாடம் கற்றது ஆந்தை இறகிலிருந்துதான். 1997இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலில் அந்த உத்தி பயன்பட்டது.

மரத்தடியில் ஒரு சாட்சி

மறுவாரம் மரத்தடியில் கட்டைவிரல் நீளத்தில் சாம்பல் நிற உருண்டை ஒன்று கிடந்தது. ஆந்தை இரையை மெல்லாது. சின்ன இரையை அப்படியே விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் வயிற்றுக்குள் உருட்டி, வாய்வழியாகக் கக்கிவிடும். அந்த உருண்டைதான் அது.

கையுறை போட்டு எடுத்து வந்து, பழைய கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தேன். அண்ணன் மகளும் நானும் பல்குத்தும் குச்சியால் பிரித்தோம். இரண்டு மண்டை ஓடுகள். ஆரஞ்சு நிற முன்பற்கள் அப்படியே இருந்தன. எலியின் முன்பற்கள் அந்த நிறத்தில்தான் இருக்கும்.

அம்மா தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். “ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே ரெண்டு எலியா?”

எங்கள் வரிசை வீடுகளின் பின்சந்தில் எலித் தொல்லை சொல்லி மாளாது. மாதம் ஒருமுறை அம்மா எலிமருந்து வாங்கி வைப்பார். அன்றைக்கு மருந்துப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

புள்ளி ஆந்தையின் சாப்பாட்டில் எலி, சுண்டெலி முதலிடம். சின்னப் பறவைகளையும் பெரிய பூச்சிகளையும் பிடிக்கும். கூடு கட்டத் தெரியாது. பெரிய மரப்பொந்திலோ, கிளைக் கவட்டிலோ, மரத்தின்மேல் தொற்றி வளரும் பறவைக்கூட்டுப் பெரணியின் நடுவிலோ இரண்டு மூன்று முட்டை இடும். கூடைபோல் விரிந்திருக்குமே, அந்தப் பெரணிதான். நம் ஊர்ப் பழைய மரங்களில் எங்கும் பார்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பெரணிக்கு மலாய்மொழியில் ‘பாக்கு லங்சுயர்’ என்று பெயர். லங்சுயர் என்பது பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் ஆவி. அது ஆந்தை உருவில் பறந்து வந்து பெரணியில் தங்கும் என்பது கிராமத்துக் கதை. யாரோ ஒருவர் இருட்டில் பெரணிக்குள்ளிருந்து பெரிய முகமொன்று எட்டிப் பார்ப்பதைக் கண்டிருக்க வேண்டும். கண்டது பொய்யில்லை. சொன்ன பெயர்தான் வேறு.

நீங்கள் கேட்டது எந்த ஆந்தை?

பினாங்கில் இரவில் கேட்கும் எல்லாக் குரலும் ஒரே பறவையுடையது அல்ல. மெதுவாக, ஒரே ஒரு ‘வூப்’. பத்து நொடி கழித்து இன்னொரு ‘வூப்’. தண்ணீர் சொட்டுவதுபோல் விடாமல் கேட்டால், அது சுண்டா ஸ்கோப்ஸ் எனும் குட்டி ஆந்தை. ஒரு சாண் உயரம்தான். பூச்சிதான் பெரும்பாலும் அதன் உணவு. வீட்டுத் தோட்டத்திலும் இருக்கும். ‘ஸ்ஸ்க்ரீச்’ என்று துணியைக் கிழிப்பதுபோல் பறந்துகொண்டே கத்தினால் அது இதய வடிவ வெள்ளை முகம் கொண்ட வெண்முக ஆந்தை. ஆங்கிலத்தில் பார்ன் அவுல். உருண்டு வந்து ஆழமாக முடிந்தால், எங்கள் வீட்டுக்காரர், புள்ளிக் காட்டு ஆந்தை.

துணி கிழிக்கும் சத்தம் வெண்முக ஆந்தைக்குத்தான் பொருந்துகிறது. ‘சாரிக் கஃபான்’ என்ற பெயர் ஏன் புள்ளி ஆந்தைக்குப் போனது? இருட்டில் யார் சரிபார்த்தார்கள்!

மாமா சொன்ன தோட்டத்துக் கதை

மனு விவகாரம் சூடாகியிருந்த நேரத்தில் நிபோங் திபாலிலிருந்து மாமா வந்திருந்தார். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆந்தைப் பேச்சு எடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நாங்க ஆந்தைக்குப் பெட்டி அடிச்சுக் கம்பத்துல மாட்டுனவங்கம்மா. அது வந்து உக்காந்தா தோட்டத்துக்கு லட்சுமி வந்த மாதிரி.”

மாமா சொன்னது வெறும் பேச்சு அல்ல. 1960களின் கடைசி வரை தீபகற்ப மலேசியாவில் வெண்முக ஆந்தை அரிதான பறவை. செம்பனை பரவியது. செம்பனைப் பழம் தின்ன எலிகள் பெருகின. எலியைத் தேடி ஆந்தை வந்தது. தோட்டங்களில் அதன் உணவை ஆராய்ந்தபோது ஏறக்குறைய முழுவதும் எலியாகவே இருந்தது. தோட்டங்கள் மரப்பெட்டிகள் வைத்து ஆந்தைகளைக் குடியேற்றின. நம் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போய், தீவில் உள்ள தங்கள் வளாகத்திலேயே இந்த ஆந்தையைக் குடியேற்றிப் பார்த்தார்கள். நகரத்து ஆந்தையின் சாப்பாட்டில் எலிக்கு அடுத்த இடம் மூஞ்சூறுக்கு என்று தெரியவந்தது. பிள்ளையார் வாகனம் லட்சுமி வாகனத்துக்கு இரை!

“பிறகு ஒரு காலத்துல புது மருந்து வந்துச்சு,” என்று மாமா தொடர்ந்தார். “எலியும் செத்துச்சு, ஆந்தையும் காணாமப் போச்சு.”

இதற்கும் பதிவு உண்டு. ஜே. ஈ. டக்கெட் என்பவர் 1984இல் தோட்டக்காரர்களின் இதழில் எழுதினார். புதிய தலைமுறை எலிமருந்துக்கு மாறிய ஒரு தோட்டத்தில் ஏறக்குறைய 40 ஆந்தைகள் இருந்தன. 30 மாதங்களில் மிஞ்சியவை 2.

நடப்பது இதுதான். புரோடிஃபேகம், புரோமடியோலோன் போன்ற மருந்துகள் ரத்தம் உறைவதைத் தடுத்து எலியைக் கொல்கின்றன. ஆனால் தின்றவுடன் எலி சாகாது. பல நாள்கள் தள்ளாடிக்கொண்டு திரியும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது ஆந்தைக்கு எளிது. எலியின் உடம்பிலிருக்கும் நஞ்சு ஆந்தையின் கல்லீரலில் தங்கிவிடும். அடுத்த எலி, அதற்கடுத்த எலி என்று சேர்ந்துகொண்டே போகும். ஒருநாள் சிறு காயத்திலேயே ரத்தம் நிற்காமல் ஆந்தை இறந்துவிடும். எலியின் வேகத்துக்குப் பெருகும் பறவை அல்ல அது. எலியோ சில வாரத்தில் அடுத்த ஈற்றுக்குத் தயார். மருந்து வைத்து ஆந்தையை இழந்த இடத்தில் கடைசியில் ஜெயிப்பது எலிதான்.

அம்மா மாமாவின் தட்டில் சோறு போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிரவு பின்சந்தில் வைத்த மருந்தையெல்லாம் இடுக்கியால் எடுத்து மூடிவைத்தது அவர்தான். இப்போது எங்கள் வீட்டில் கம்பிப்பொறிதான். குப்பைத்தொட்டிக்கு இறுக்கமான மூடியும் வாங்கிப் போட்டோம்.

தரையில் கிடந்த பஞ்சுப்பொதி

சில வாரங்கள் கழித்து, ஒரு காலை மழைக்குப் பிறகு அம்மாதான் அதைப் பார்த்தார். மரத்தடியில், சாக்கடை விளிம்பில், நனைந்த பஞ்சுப்பொதிபோல் ஒன்று. கிட்டே போனதும் அலகைச் சடசடவென்று தட்டியது. ஆந்தைக் குஞ்சு.

“ஐயோ பாவம், பெட்டியில போட்டு உள்ள கொண்டு வா,” என்றார். ஆந்தையை வீட்டுக்குள் கொண்டு வரச் சொன்னது என் அம்மா!

நண்பரை அழைத்தேன். உள்ளே கொண்டு போகாதீர்கள் என்றார். இந்தக் குடும்பத்துக் குஞ்சுகள் பறக்கக் கற்கும் முன்பே கூட்டைவிட்டுக் கிளைக்கு வந்துவிடும். கால் தவறிக் கீழே விழுவதும் சகஜம். தாயும் தகப்பனும் அங்கேயேதான் இருக்கும். இருட்டியதும் இரை கொடுக்கும். காயம் இல்லையென்றால், நாய் பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். காயம் இருந்தால் வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானை அழைக்க வேண்டும். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஆந்தையைப் பிடித்து வளர்ப்பது குற்றம்.

பாக்சிக் ஏணி கொண்டு வந்தார். குளியல் துண்டில் சுற்றி, தாழ்ந்த கவட்டில் வைத்தோம். கார்மேல் கிளை விழுந்து நொந்துபோய் மனுவைத் தொடங்கிய எதிர்வீட்டு ஆன்ட்டி ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிரவு எனக்கு நிகழ்ச்சி இல்லை. வாசல் விளக்கை அணைத்துவிட்டு நானும் அம்மாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். எட்டு மணிக்கு மேல், சத்தமே இல்லாமல், ஓர் அகன்ற நிழல் தெருவைக் கடந்து கிளையில் இறங்கியது. அலகில் எலி. குஞ்சு சீறிச் சீறி வாங்கியது. பிறகு மேலே எங்கோ இருந்து அந்தக் குரல். ‘ஹுஹுஹுஹு... ஹூஊஊ.’ சற்றுத் தள்ளி இன்னொரு குரல் பதில் சொன்னது.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்துக் கேட்டார்: “தினம் இப்படித்தான் கூப்பிடுமா?”

“தினம்தாம்மா.”

“அப்பா நல்லா இருந்தப்பவும்?”

“அப்பவும்தான்.”

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. தாவணி முனையால் முகத்தைத் துடைக்கும் பழக்கம் என் அம்மாவுக்கு இல்லை. அன்று என் தோளில் துடைத்துக்கொண்டார்.

மனு என்ன ஆனது?

ஆன்ட்டியின் குறையும் நியாயமானது. பட்டுப்போன கிளை விழுந்தால் கார் மட்டுமல்ல, ஆளுக்கும் ஆபத்துதான். எல்லா வீட்டாரும் உட்கார்ந்து பேசினோம். மரத்தை வெட்டுவது என்ற வரியை அடித்துவிட்டு, பட்ட கிளைகளை மட்டும் கழிக்க வேண்டும், பெரணி இருக்கும் கவட்டைத் தொடக்கூடாது, குஞ்சு பறந்த பிறகே வேலை நடக்க வேண்டும் என்று மாற்றி எழுதினோம். புதிய மனுவிலும் முதல் கையெழுத்து அம்மாவுடையதுதான். கிளைகளைக் கழித்தாகிவிட்டது. மரம் இருக்கிறது.

உங்கள் வீட்டருகே ஆந்தைக் குரல் கேட்டால் நான் கேட்டுக்கொள்வது சில விஷயங்கள்தான். முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள். கைத்தொலைபேசியில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்காதீர்கள். வேற்று ஆந்தை எல்லைக்குள் நுழைந்துவிட்டதாக அது அலைக்கழியும். நஞ்சு வைப்பதற்கு முன் பொறி வைத்துப் பாருங்கள். பழைய மரத்தை வெட்ட யாராவது கையெழுத்துக் கேட்டால், ஒருநாள் இரவு அதன் கீழே நின்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்பாயி நலமாக இருக்கிறார். அடுத்த மாதம் 87 ஆகிறது. இப்போதும் நான் ஒரு மணிக்குத்தான் வீடு வருகிறேன். சில இரவுகளில் அம்மா விழித்திருப்பார். கதவைத் திறந்துவிட்டு, “இன்னிக்கு ரெண்டும் கூப்பிட்டுச்சு,” என்பார். பிறகு இருவரும் தூங்கப் போவோம்.